நோயில்லா இளைப்பு

நெட்டுயிர்ப்பு என்றொரு சொல் நம் பழைய நூல்களிலே பயின்று வரும். பிரிவாற்றாத தலைவியும் நாடிழந்த அரசனும் நெட்டுயிர்ப்பர். அதன்பொருட்டு எவரேனும் மருத்துவரை அழைத்ததாக யான் படித்ததில்லை. (வேலனை அழைத்ததுண்டு, அது வேறு கதை.) யானோ என் நெட்டுயிர்ப்புக்காக மூன்று வைத்தியர்களைக் கண்டேன்.

ஈராண்டாக எனக்கு மூச்சு நிறைவதில்லை. படியேறும்போது வரும் இளைப்பன்று இது. நாற்காலியில் வாளாவிருக்கையிலேயே, இழுத்த காற்று அடிவரை சென்று சேரவில்லை என்றொரு குறை தோன்றும். மீண்டும் இழுப்பேன், மீண்டும் அதே குறை. வெண்பா முழுவதையும் ஒரே மூச்சிற் சொல்லிப் பழகிய யான், இப்பொழுது தனிச்சொல்லிலேயே நின்றுவிடுகிறேன். குரலே கருவியாக வாழும் தமிழாசிரியனுக்கு இது சிறிய இழப்பன்று.

எக்ஸ்ரே எடுத்தார்கள்; ஈ.சீ.ஜீ. பார்த்தார்கள், குழாயில் ஊதச் சொல்லிச் சுவாசப்பையின் வலிமையை அளந்தார்கள், குருதியிற் சோகையுண்டோ என ஆராய்ந்தார்கள். விரல்நுனியைக் கௌவும் சிறு கருவி, ஒட்சிசன் நூற்றுக்கு 98 என்றது. "ஐயா, உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றார் வைத்தியர். வீட்டார் மகிழ்ந்தனர். யானும் மகிழ்ந்தேன், வீதிக்கு வரும்வரை. அங்கே மூச்சு மறுபடியும் முட்டிற்று. மனப்பிரமை என்றனர் உறவினர் சிலர். பிரமையாயின் முட்டுவது எவருடைய மூச்சு?

இவ்வாறு வருந்தியவன் யான் ஒருவனல்லன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்திலே போர்வீரருக்கு மருத்துவம் செய்த டா கொஸ்தா என்பார், இருதயத்திலே புலப்படும் பழுதின்றியே மூச்சுத் திணறலும் படபடப்பும் உற்றோரைப் பற்றி 1871இல் விரிவாக எழுதினார்.

மூன்றாவது வைத்தியர் கூறிய விளக்கம் இது: நம்மை மூச்சிழுக்கத் தூண்டுவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவன்று, குருதியிற் சேரும் காபனீரொட்சைட்டே. காற்றுப் போதாதென்று மேன்மேலும் இழுத்து விடுபவன் அவ்வாயுவை அளவுக்கு மிஞ்சி வெளியேற்றிவிடுகிறான். அதனால் மூளையின் குருதிக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், விரல்கள் விறுவிறுக்கும், நெஞ்சமோ இன்னும் காற்று வேண்டும் என்று கேட்கும். உண்ண உண்ணப் பசி மிகுவது போன்ற விந்தை! ஒட்சிசன் மட்டும் குறைவதில்லை. ஆகவே கருவியும் பொய் சொல்லவில்லை. யானும் பொய் சொல்லவில்லை. என் இளைப்புக்கும் இதுவே காரணமாகலாம் என்றார்; உறுதி கூறவில்லை. சோதனை எதுவும் செய்யாமல் இதனைத் தமக்குப் பொருத்திக்கொள்வது எவர்க்கும் ஆபத்து. நெஞ்சு நோவோ மயக்கமோ வந்தால் மீண்டும் வைத்தியசாலைக்கே செல்லவேண்டும் என எனக்கும் கட்டளை.

மருந்து தரவில்லை, இயன்மருத்துவரிடம் அனுப்பினார். மூக்கால் மெல்ல இழுத்து, வயிறு எழச் செய்து, இழுத்ததினும் நீட்டி விடுக என்றார் அவர். வைத்தியர் தராத மாத்திரையை எனக்கு இலக்கணம் தந்தது. உள்ளிழுப்பது குறில், வெளிவிடுவது நெடில். மூன்று நொடி இழுத்து ஆறு நொடி விடுகிறேன், காலையும் மாலையும், திண்ணையிலிருந்து, விரலை நொடித்தபடி.

மூச்சுமுட்டு முற்றாக நீங்கவில்லை. சில நாள் வரும். சில நாள் வாராது. வகுப்பிலே இப்பொழுது முதலிரண்டடியை யான் சொல்ல, எஞ்சிய இரண்டையும் மாணவர் சேர்ந்து சொல்கின்றனர். இது புதிய கற்பித்தல் முறை என்பது அவர்கள் எண்ணம். யானும் மறுக்கவில்லை.