நுரை போகாத மலைத்தண்ணீர்

சேலத்தில் துணி துவைத்துப் பழகியவர்கள் ஏற்காட்டு வெள்ளக்கடைப் பக்கம் குடிவந்தால் சோப்பின் மேல்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். கீழே எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்க மறுத்த அதே சோப்பு, இங்கே இரண்டு இழுப்பில் பொங்குகிறது. நாலு தண்ணீர் அலசினாலும் வழவழப்பு போவதில்லை.

சோப்பு அதேதான், தண்ணீர்தான் வேறு. சமவெளியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். அவை சோப்போடு சேர்ந்து, நுரைக்குப் பதில் திரிதிரியாய் அழுக்கு வெள்ளைப் படிவாக வாளி ஓரத்தில் ஒட்டும். வேட்டி மொரமொரப்பாகிப் பழுப்பேறுவதில் அதற்கும் பங்குண்டு. இதற்கு மாற்றாகத்தான் சலவைத் தொழிலாளர்கள் காலங்காலமாக உவர்மண்ணைக் கரைத்தார்கள். அதிலுள்ள சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா, கால்சியத்தைப் பிடித்துப் படியவைத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கும்.

மலையில் அந்த வேலை மிச்சம். பெய்த மழை மண்ணில் இறங்கிச் சீக்கிரமே ஊற்றாக வெளிவருகிறது. வழியில் கரைத்துக்கொள்ளச் சுண்ணாம்புச் சத்தும் அதிகமில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் தலைப்பகுதியில் பாக்சைட் கிடக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு வெட்டியெடுத்துப் போனது அதைத்தான். பல்லாயிரம் தலைமுறை மழை பாறையை ஊறவைத்து, கால்சியம், மக்னீசியம், சிலிக்கா எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போனபின் மிஞ்சியதுதான் பாக்சைட். துணிக்கு முன்னால் மலையையே மழை துவைத்துவிட்டது என்று சொல்லலாம். ஆகவே இங்கே சோப்பைப் பாதியாகக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

உண்மையான பாடு துவைத்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் துணியிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே தண்ணீரைக் குளிர்ந்த நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆவதைப்போல ஏழெட்டு மடங்கு இது. அவ்வளவையும் வெயிலும் காற்றும்தான் தர வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டாலோ காற்றில் ஈரம் நிரம்பி, கொடியில் கிடக்கும் துணி காலையில் போட்டபடியே மாலையிலும் இருக்கும். சில்வர் ஓக் நிழலில் கொடி கட்டினால் கேட்கவே வேண்டாம்.

அதனால் கையால் பிழிந்து வெளியேற்றும் ஒவ்வொரு சொட்டும் லாபம். போர்வையை இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு முனையை எதிர்த் திசையில் முறுக்க வேண்டும். நடுவே கயிறுபோல் மடங்கிச் சுருளும் இடத்தில் தண்ணீர் கொட்டும். பிறகு ஓங்கி ஓர் உதறு. சுருக்கம் மட்டுமல்ல, ஒட்டிக்கிடக்கும் மடிப்புகளும் பிரிந்து காற்றுப் படும் பரப்பு கூடுகிறது.

அப்படியும் இரண்டு நாள் காயாத துணியில் ஒரு முடைநாற்றம் ஏறும். அதற்குக் காரணம் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள். காய்ந்த துணியிலும் அது உயிரோடு இருக்கும். வியர்வை பட்டதும் நாற்றம் திரும்பும். வாசனைத் திரவம் ஊற்றுவது வீண்செலவு. பருத்தித் துணியானால் கொதிநீரில் ஊறப்போடலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த வேலைக்கு அது தாராளம்.