சித்திரச் சுவரும் முதிரை மரமும்

ஓவியங்களைக் காண ஓரிடத்துக்கும், மரஞ்செடிகளைக் காண வேறோரிடத்துக்கும் செல்வது வழக்கம். இரண்டையும் ஒரே நாளிற் கண்டு மகிழும் பேறு மாத்தளை மாவட்டத்தில் வாய்க்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் ஒருநாள், கட்டுச்சோறும் நீரும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுடன் விடியற்காலையிலேயே சிகிரியாவுக்குப் புறப்பட்டோம்.

குன்றின் அடிவாரத்தில் நம்மை முதலில் வரவேற்பது பூங்காவே. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னன் காலத்து நீர்ப்பூங்கா அது. பாதையின் இருமருங்கும் தடாகங்கள். இடையே துளையிட்ட கற்பலகைகளையுடைய நீரூற்றுகள். எவ்வித இயந்திரமுமின்றி, நீரின் அழுத்தத்தினாலேயே அவை மழைக்காலத்தில் இன்றும் பொங்குகின்றன.

சுழற்படிகளில் ஏறி ஓவியங்களின் முன் நின்றோம். மேகத்தினின்று எழுவார் போன்ற நங்கையர். ஒருத்தி விரல்களிடையே மலர். மற்றொருத்தி கையில் மலர்த்தட்டு. பதினைந்து நூற்றாண்டுகள் கடந்தும் அம்மலர்கள் வாடவில்லை! ஆயினும் 1967ஆம் ஆண்டில் சிலர் இவற்றின்மீது வண்ணம் பூசிச் சிதைத்தனர். லூசியானோ மராந்சி என்னும் இத்தாலிய நிபுணர் அரும்பாடுபட்டு அவற்றை மீட்டார்.

அடுத்தது கண்ணாடிச் சுவர். முற்காலத்தில் வந்தோர் தம் வியப்பைப் பாட்டாக அதிற் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களை ஆராய்ந்து 1956இல் நூலாக வெளியிட்டார் பேரறிஞர் பரணவிதான. இதைக் கூறியதும் எம் தம்பி மகன் கேட்டான்: “பெரியப்பா, அன்று எழுதியவரைப் புலவர் என்கிறோம், இன்று நாம் எழுதினால் மட்டும் குற்றமா?”

தக்க விடை உடனே எமக்குத் தோன்றவில்லை.

நண்பகலுக்குப்பின் தம்புள்ளைக்குத் திரும்பி, கண்டலமை வீதியிலுள்ள பொப்பம் மரச்சோலையை அடைந்தோம். வெயிலில் வாடி வந்தவர்க்கு அந்நிழல் தாய்மடி போன்றிருந்தது. முதிரை, கருங்காலி, பாலை, வீரை என வறண்ட நிலத்துக்குரிய மரங்கள் ஓங்கி நின்றன.

சேனைப் பயிர்ச்செய்கையால் காடழிந்து, முட்புதர் மண்டிக் கிடந்த ஏறத்தாழ ஏழரை ஏக்கர் நிலத்தை 1963இல் வாங்கினார் ஆங்கிலேயரான சாம் பொப்பம். முதலில் மரக்கன்றுகளை நட்டார், அவை பிழைக்கவில்லை. பின்னர், புதர் நீக்கிய இடங்களில் மண்ணுக்குரிய கன்றுகள் தாமாகவே தலைதூக்குவதைக் கண்டார். அன்றுமுதல் முள்ளைக் களைவதும் கன்றைக் காப்பதுமே அவர் பணியாயின. 1989இல் அச்சோலை கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

“அப்படியாயின், இம்மரங்களை நட்டவர் யார்?” என்றான் அதே சிறுவன்.

“காட்டை ஆக்கியது மண். அதற்கு இடையூறு நேராமற் காத்தவர் மனிதர். காலையில் நீ கேட்ட வினாவுக்கும் இதுவே விடை. அன்று வெற்றுச் சுவரில் எழுதினர். இன்று நாம் எழுதினால் அவர்கள் எழுத்தே அழியும். புதிதாகப் பாட விரும்பினால் உன் ஏட்டில் எழுது” என்றோம்.

அவன் மறுமொழி கூறவில்லை. திரும்பும் வழியில், பாதையில் விரலளவே முளைத்திருந்த கன்றொன்றைக் கண்டு, மிதியாமல் விலகி நடந்தான். பின்னால் வந்த தங்கையையும் கைபிடித்து விலக்கினான்.

மாணவச் செல்வங்களே! ஆக்கும் திறன் சிலர்க்கே வாய்க்கும். காக்கும் கடமையோ நம் அனைவர்க்கும் உரியது.