எப்படி இயங்குகிறது? சஞ்சிகைப் பானையில் வெந்த பூச்சியியல்

ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் ஒரு வீட்டிலிருந்து நண்டு வரும், இன்னொரு வீட்டிலிருந்து பயற்றங்காய், பலாக்கொட்டை. எல்லாம் ஒரே பானைக்குள்தான் போகும். ஆனாலும் ஊறவைத்துக் கசப்பு வடித்த ஒடியல் மாவைக் கரைத்து விடும்வரை அது கூழாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூச்சியியலுக்குச் சஞ்சிகைகளே பானை.

1881இல் கொழும்பில் ஜோன் பேர்குசன் 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' என்ற மாத இதழைத் தொடங்கினார். கோப்பியிலும் தேயிலையிலும் கண்ட பூச்சிகளைப் பற்றித் தோட்டத்துரைமார் அதற்கு எழுதினார்கள். ஒருவர் எழுதினால் அது ஒரு தோட்டத்தின் முறைப்பாடு. பலர் எழுதி அவை பக்கத்துப் பக்கத்தில் அச்சானால், எந்த மலையில், எந்த மாதத்தில், எந்தப் பயிரில் என்பது தெரியவரும். பூச்சியைப் படிக்காதவர்களின் கண்களை வைத்தே ஆய்வுக்கு வேண்டிய சரக்குச் சேர்ந்தது.

இனி மா. அதுதான் பெயர். பெயர் இல்லாத பூச்சியைப் பற்றி இரண்டு பேர் பேசினால், பேசுவது ஒன்றைத்தானா என்று யாருக்குத் தெரியும்? 1880களில் கோப்பியை வாட்டிய பச்சைச் செதிற்பூச்சிக்கு 1889இல் அறிவியற் பெயர் வைத்தவர் எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன். அப்போது அவர் பூண்டுலோயாப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரர்; அரசாங்க விஞ்ஞானி அல்ல. விவரணை வெளிவந்ததும் பொழுதுபோக்காகப் பூச்சி சேர்த்தவர்களும் எழுதிய லண்டன் மாத இதழ் ஒன்றில்தான். (கோப்பியை முன்னரே சாய்த்த இலைத்துருப் பூஞ்சைக்கும் 1869இல் பெயர் கிடைத்தது ஒரு தோட்டக்கலை வார இதழில்!) அரசாங்கப் பூச்சியியலாளர் பதவி கிறீனுக்குக் கிடைத்தது அதற்குப் பிறகுதான். இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய அவருடைய ஐந்து பாக நூல் 1896 முதல் 1922 வரை வெளியானது. உத்தியோகம் ஆய்வைக் கொண்டுவரவில்லை; ஆய்வே உத்தியோகத்தைக் கொண்டுவந்தது என்பேன்.

அந்தப் பச்சைச் செதிற்பூச்சி இப்போது தேசி மரங்களிலும் உண்டு. இலையின் அடிப்புறத்தில், நடுநரம்பை ஒட்டித் தட்டையாக, முதுகில் வளைந்த கரும்புள்ளி வரியோடு அப்பியிருக்கும். அதன் இனிப்புக் கழிவைத் தேடி எறும்புகள் ஏறும்.

பானையில் போட்டதுதானே அகப்பையில் வரும். எழுதியவர்கள் பெருந்தோட்டக்காரர், மொழி ஆங்கிலம்; ஆகவே கோப்பி, தேயிலைப் பூச்சிகளே முந்திக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் அச்சு இல்லாமல் இல்லை: அமெரிக்க மிசனின் 'உதயதாரகை' 1841இலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. ஆனால் புகையிலைத் தோட்டத்துப் புழுவைத் தினம் பார்த்த கமக்காரர் கொழும்புப் பானைக்குள் எதையும் போட வேண்டுமென்றால், முதலில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேட வேண்டியிருந்தது.