சிரிக்க வச்சா விருது கிடையாதா? டிவி காமெடி நடிப்புக்கு ஒரு கனவு நாமினேஷன் பட்டியல்

இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் திண்ணைக்குத் திண்ணை ஒரு செல்போன் வெளிச்சம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து வலையோட கிளம்ப வேண்டியவங்க, தூங்கப் போகும் முன் ஒரு பத்து நிமிஷம் சிரிச்சுக்கிறாங்க. திரையில் ஓடுவது பெரும்பாலும் புதுப் படமில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய 'லொள்ளு சபா' துண்டு, 'அது இது எது' மேடையில் நடந்த ஒரு கலாட்டா, எப்போதோ வந்த சீரியலின் இரண்டு நிமிடக் காட்சி.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் "இவரு பேரு என்னாப்பா?" என்று கேட்டால், "அட, அந்த லொள்ளு சபா ஆளுடா" என்பதுதான் பதிலாக வரும். முகம் தெரியும், குரல் தெரியும், பேர் மட்டும் தெரியாது.

பழவேற்காட்டில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். டிவியில் நம்மை அதிகம் சிரிக்க வைத்தவர்களுக்கு நம்மிடம் ஒழுங்கான பட்டியல்கூட இல்லை. ஏன் இல்லை? அப்படி ஒரு பட்டியல் போட்டால் யாரெல்லாம் இருக்கணும்?

அழுதால் விருது

முதலில் நாகேஷிடமிருந்து தொடங்கலாம். தமிழ் சினிமாவில் காமெடி நடிப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர். அவருக்குத் தேசிய விருது கிடைத்தது 'நம்மவர்' (1994) படத்துக்காக. மகளைப் பறிகொடுத்த அப்பாவாக அவர் கலங்க வைத்த படம் அது. சிறந்த துணை நடிகர் என்ற பிரிவில் விருது வந்தது. கடைசிவரை அவருக்குப் பத்ம விருது எதுவும் வரவில்லை.

மனோரமாவுக்கும் ஏறத்தாழ அதே கதை. அவ்வளவு படங்களில் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவருக்குத் தேசிய விருது வந்தது 'புதிய பாதை' (1989) படத்தில் நடித்த குணச்சித்திர வேடத்துக்கு.

இப்போது எம்.எஸ்.பாஸ்கர். 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 71-வது தேசிய விருதுகளில் 'பார்க்கிங்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருதை மலையாள நடிகர் விஜயராகவனுடன் பகிர்ந்துகொண்டார். வண்டி நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கட்டும் முரட்டுப் பெரியவர் வேடம். விருதுக்குத் தகுதியான நடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அவரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது சன் டிவியின் 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' பட்டாபி. அந்தப் பட்டாபிக்குத் தேசிய அளவில் போட்டியிட ஒரு பிரிவே கிடையாது.

மூன்று தலைமுறை, ஒரே பாடம். காமெடி நடிகர் சிரிக்க வைப்பதை நிறுத்தும்போதுதான் அவர் 'நடிகர்' என்று ஊருக்குத் தெரிகிறது.

விருதே இல்லையா என்ன?

இருக்கிறது. தமிழ்நாடு அரசு திரைப்பட விருதுகளில் சிறந்த நகைச்சுவை நடிகர், நடிகை என்று தனிப் பிரிவுகளே உண்டு. தேசிய விருதில் இல்லாத ஒன்றை மாநில விருதில் வைத்திருப்பது நல்ல விஷயம். அரசின் சின்னத்திரை விருதுகளும் உண்டு.

சிக்கல், காலத்தில். 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கும், 2009 முதல் 2013 வரையிலான சீரியல்களுக்கும் விருதுகள் அறிவிக்கப்பட்டது 2017-ல். அவை கையில் கொடுக்கப்பட்டது 2022 செப்டம்பர் 4-ல். அதாவது, 2009-ல் ஒளிபரப்பான சீரியலுக்கு 13 வருஷம் கழித்து மேடை. சினிமாவாவது மறுபடி மறுபடி டிவியில் வரும். சீரியல் முடிந்தால் முடிந்ததுதான். 13 வருஷம் கழித்து வரும் விருதைப் பார்க்கும் ரசிகருக்கு அந்தத் தொடரின் பெயரே ஞாபகம் இருக்காது.

இதில் இன்னொரு விஷயம். அந்த 2022 விழா நடந்த இடம் சேப்பாக்கம் கலைவாணர் அரங்கம். கலைவாணர் என்றால் என்.எஸ்.கிருஷ்ணன். ஒரு காமெடி நடிகரின் பெயர் தாங்கிய அரங்கில்தான் மாநிலமே விருது கொடுக்கிறது!

சேனல்கள் நடத்தும் விருதுகள் தனி ரகம். 2010-ல் 'சன் குடும்பம் விருதுகள்' வந்தது. பிறகு விஜய் டிவியும் தொடங்கியது. அந்தந்த சேனலின் தொடர்களுக்குள்தான் போட்டி. சொந்த வீட்டுக் கல்யாணத்தில் சொந்தக்காரங்களுக்கே மொய் வைக்கிற மாதிரி. கொண்டாட்டமாக இருக்கும், ஆனால் சன் டிவி நடிகரையும் விஜய் டிவி நடிகரையும் ஒரே தராசில் வைக்கிற இடம் அது இல்லை.

எம்மி எப்படிப் பண்ணுது?

அமெரிக்காவின் எம்மி விருதுகளில் காமெடி நடிப்புக்கு மட்டும் ஆறு பிரிவுகள்: முதன்மை நடிகர், நடிகை, துணை நடிகர், நடிகை, கௌரவத் தோற்றத்தில் வரும் நடிகர், நடிகை. நடிப்புக்கான நாமினேஷனுக்கு ஓட்டுப் போடுவது டெலிவிஷன் அகாடமியில் உறுப்பினராக இருக்கும் நடிகர்கள். சக கலைஞர் கைதட்டினால்தான் பட்டியலுக்குள் வரமுடியும்.

அங்கேயும் சண்டை உண்டு. 'தி பேர்' என்ற தொடர் சிகாகோ உணவகம் ஒன்றின் அடுக்களையைப் பற்றியது. சிரிப்பைவிடப் பதற்றம்தான் அதிகம். ஆனாலும் காமெடிப் பிரிவில் போட்டியிட்டு 2024-ல் 11 எம்மிகளை அள்ளியது. 'இது காமெடியே இல்லையே' என்று பெரிய விவாதம் நடந்தது. அழ வைக்கிறவருக்கு மரியாதை அதிகம் என்ற நோய் அங்கேயும் இருக்கு.

ஆனால் ஒரு விஷயத்தில் எம்மி தெளிவு. 'சாட்டர்டே நைட் லைவ்' போன்ற துண்டு நாடக நிகழ்ச்சியில் வாரத்துக்கு நாலு வேஷம் போடுபவரையும் 'நடிகர்' என்றே கணக்கில் எடுக்கிறது. அந்த நிகழ்ச்சியின் கேட் மெக்கினன் 2016, 2017 என இரண்டு முறை காமெடி துணை நடிகை விருது வாங்கினார். அதே கணக்கை இங்கே போட்டால், 'லொள்ளு சபா'வும் 'சிரிச்சா போச்சு'வும் நேராகப் போட்டிக்குள் வந்துவிடும்.

சரி, பட்டியல் போடலாமா?

விதிகள் மூன்று. டிவியில் செய்த வேலை மட்டுமே கணக்கு. ஜோக்குக்கு இல்லை, நடிப்புக்குத்தான் மார்க். சத்தத்தை மியூட் பண்ணினாலும் சிரிப்பு வரணும். மூன்றாவது, சினிமா ஏற்கெனவே கைநிறையக் கொடுத்துவிட்டவர்களுக்கு இங்கே இடமில்லை. அதனால் 'கலக்கப் போவது யாரு'வில் பட்டம் வென்ற சிவகார்த்திகேயனும், 'லொள்ளு சபா' சந்தானமும் வெளியே.

முதன்மை நடிகர்: எம்.எஸ்.பாஸ்கர். டப்பிங் கலைஞராக இருந்தவர் என்பதால் குரலால் ஜெயித்தார் என்று சொல்லிவிடுவது சுலபம். பட்டாபியை மியூட் பண்ணிப் பாருங்கள். அந்த முகம் தனியாக ஒரு வசனம் பேசும். மாமியார் மருமகள் சண்டை என்ற அரைத்த மாவையே அரைக்கும் கதையில், அவர் வரும் காட்சிகள் மட்டும் புதுசாக இருந்தன. பெரிய திரையில் எத்தனையோ வேடம் செய்த பிறகும் 'பட்டாபி' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது சும்மா இல்லை.

முதன்மை நடிகை: தேவதர்ஷினி. நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' இரண்டாம் பாகம். புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி. பப்லு பிருத்விராஜோடு அவர் போட்ட சண்டைகளில் கத்தல் குறைவு. கண்ணை உருட்டுவது, பதில் சொல்லும் முன் அரை நொடி நிறுத்துவது, அங்கேதான் சிரிப்பு. பின்னாளில் 'காஞ்சனா'வில் கோவை சரளாவோடு சேர்ந்து அவர் அடித்த லூட்டிக்கு விதை இந்தத் தொடரில் இருக்கிறது.

துணை நடிகர்: 'லொள்ளு சபா' மனோகர், சுவாமிநாதன், சேஷு. ஒருத்தரைப் பிரித்து எடுக்க முடியாது. ராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சியில் எந்தப் பெரிய படமாக இருந்தாலும் அதன் கெத்தை உடைக்க இவர்கள் போதும். கையையும் காலையும் தனித்தனியாக ஆட்டிக்கொண்டு வரும் மனோகர், பெரிய மனுஷத் தோரணையிலேயே கோமாளித்தனம் செய்யும் சுவாமிநாதன், எந்த வேஷத்துக்கும் தயாராக நிற்கும் சேஷு. 'வடக்குப்பட்டி ராமசாமி' 2024 பிப்ரவரியில் வெளியாகி சேஷுவின் காமெடி மறுபடி பேசப்பட்டது. அடுத்த மாதம் 26-ம் தேதி அவர் இறந்துவிட்டார்.

துண்டு நாடகம்: வடிவேல் பாலாஜி, ரோபோ சங்கர். வடிவேலு மாதிரி பேசுபவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. பாலாஜி செய்தது மிமிக்ரியோடு நிற்கவில்லை. வடிவேலுவின் உடல்மொழியை எடுத்து, அதில் பெண் வேஷம், பாட்டி வேஷம் என்று தன் ஆட்களைக் குடிவைத்தார். 2020 செப்டம்பர் 10-ல் மறைந்தார். ரோபோ சங்கர், உடம்பெல்லாம் பெயின்ட் பூசிக்கொண்டு ஊர் மேடைகளில் ரோபோ போல ஆடியதால் அந்தப் பெயர் பெற்றவர். வாயால் போடும் சத்தத்துக்குப் பேர் போனவர் என்றாலும், அந்த உடம்புதான் அவருடைய முதல் கருவி. 2025 செப்டம்பர் 18-ல் அவரும் போய்விட்டார்.

துண்டு நாடகம், பெண்கள்: அறந்தாங்கி நிஷா. இந்தப் பிரிவுக்கு ஆள் தேடும்போதுதான் ஒரு உண்மை உறைக்கும். நம் டிவி காமெடி மேடைகளில் பெண் பாத்திரம் என்றாலே பெரும்பாலும் புடவை கட்டிய ஆண்தான். அந்தக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, ஆண்களுக்குச் சரிக்குச் சரி நின்றவர் நிஷா. ஆனால் அந்த மேடைகளில் நிறத்தையும் உருவத்தையும் வைத்து வந்த ஜோக்குகளை இன்று பார்த்தால் நெருடும். அவர் திறமைக்கு அந்த மேடை இன்னும் நல்ல எழுத்தைக் கொடுத்திருக்கலாம்.

கோப்பை அல்ல, பேர்

'ஒரு கோப்பை கொடுத்தா என்ன ஆகிடப் போவுது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் முதலில் மேடைக்கு வருபவர் கட்டியக்காரன். ராஜாவை அறிமுகம் செய்பவரும் அவர்தான், அதே ராஜாவைக் கிண்டல் பண்ணுபவரும் அவர்தான். விடிய விடிய நடக்கும் கூத்தில் ஜனங்களைத் தூங்கவிடாமல் உட்கார வைப்பது பெரும்பாலும் அவர் பொறுப்பு. ஆனால் மறுநாள் காலையில் ஊர் பேசுவது துரியோதனன் வேஷம் கட்டியவரைப் பற்றி. அந்தப் பழக்கத்தைத்தான் டிவிக்கும் கொண்டுவந்திருக்கிறோம்.

போனில் சுற்றும் வீடியோத் துண்டுகளில் டைட்டில் கார்டு வருவதில்லை. யார் நடித்தது, யார் எழுதியது, எந்த வருஷம், எதுவும் இல்லை. விருதுப் பட்டியல் என்பது அந்த இடத்தில் ஒரு ஆவணம். இன்ன வருஷம், இன்ன தொடர், இன்ன நடிகர் என்று எழுதிவைக்கும் ஒரு வரி. மேலே உள்ள பட்டியலில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் டிவியில் செய்த வேலைக்கு அப்படி ஒரு வரியை அவர்கள் இருக்கும்போதே எழுதியிருந்தால், திண்ணையில் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு ஒரு பேர் பதிலாக வந்திருக்கும்.

பாடு சொல்லும் பாடம்

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக இருப்பது. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடம் எல்லா இடத்திலும் இருக்காது. நல்ல இடத்தை ஒருத்தரே பிடித்துக்கொண்டால் மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு.

அந்த முறையின் மீது விமர்சனமும் உண்டு. பாடு உரிமை உள்ள குடும்பத்துக்குத்தான் முறை வரும்; உரிமை இல்லாதவர்கள் வெளியிலேயே நிற்க வேண்டும். யாருக்கு முறை என்பதைவிட, யார் பேர் வரிசையில் சேர்க்கப்பட்டிருக்கு என்பதுதான் முதல் கேள்வி.

டிவி காமெடி நடிகர்கள் இன்று நிற்பது அந்த வெளியில்தான். போட்டியில் தோற்பது பரவாயில்லை, எந்த நாமினேஷனிலும் நாலு பேர் தோற்கத்தான் செய்வார்கள். இவர்கள் பேர் இன்னும் வரிசையிலேயே ஏறவில்லை.

இந்தப் பட்டியலில் இல்லாத பேர் ஒன்று இந்நேரம் உங்கள் மனசில் வந்திருக்கும். இன்று ராத்திரி அவர் நடித்த வீடியோ ஒன்று போனில் வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் அந்தப் பேரைச் சொல்லிவிடுங்கள்.