வந்து போகும் கோளாறு



வலிகாமத்திலே கமஞ்செய்யும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். முதல்நாள் மாலையில் ஆய்ந்த கத்தரிக்காயைத் தமது பிக்கப் வண்டியிலே ஏற்றிவைத்து, விடியுமுன் சுன்னாகச் சந்தைக்குப் புறப்படுகிறார். திறப்பைத் திருப்புகிறார். 'டிக்' என்று ஓர் ஓசை, அவ்வளவே. மறுபடியும் திருப்புகிறார்; மறுபடியும் அதே ஓசை. ஐந்தாம் முறையிலே, ஒன்றும் நடவாததுபோல இயந்திரம் இயங்கத் தொடங்குகிறது. பிற்பகலில் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுசென்றால், பத்து முறை திருப்பினாலும் பத்து முறையும் அது குறையின்றி இயங்குகிறது. "பற்றறியாக இருக்கலாம்" என்கிறார் அவர். புதிய பற்றறி வாங்கப்படுகிறது. இரண்டு கிழமையின் பின் மீண்டும் அதே 'டிக்'. அடுத்து அல்டர்னேற்றர் மாற்றப்படுகிறது. பணம் போகிறது, கோளாறு போகவில்லை. பிந்திப்போன நாட்களிலே சந்தையின் நல்ல விலையும் போய்விடுகிறது.

முற்றாகப் பழுதடைந்த பாகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஏனெனில், அது எப்போதும் பழுதாகவே இருக்கிறது. வந்து போகும் கோளாறோ, தேடும்போது ஒளிந்துகொள்கிறது. இத்தகைய கோளாறுக்கு ஊகத்தின்மேல் பாகங்களை மாற்றுவது மருந்தாகாது. பாகங்களைச் சந்தேகிக்குமுன் அவற்றை இணைக்கும் இடங்களைச் சோதித்தல் வேண்டும். கோளாறு தோன்றியிருக்கும் அந்த வேளையிலேயே அளந்து பார்த்தல் வேண்டும். இவ்விரண்டுமே இன்று நான் கூறவிருப்பவற்றின் சாரம்.

முற்காலத்து மோட்டார் வண்டிகளைக் கைப்பிடியால் சுழற்றியே இயக்கினார்கள். சாள்ஸ் கெற்றரிங் என்னும் அமெரிக்கர் அமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலக் வண்டிகளிலே பொருத்தப்பட்டபின், அந்த உழைப்பு நீங்கியது. ஆனால் மனிதனின் தோள்வலியை ஈடுசெய்ய மிகப்பெரிய மின்னோட்டம் வேண்டியதாயிற்று. இன்றைய பிக்கப் வண்டியின் ஸ்டார்ட்டர் இயந்திரத்தைச் சுழற்றும்போது 200 அம்பியர் அளவு மின்னோட்டத்தை இழுப்பது சாதாரணம். டீசல் வண்டியாயின் அதனினும் கூடலாம்.

ஜோர்ஜ் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827இல் வெளியிட்ட விதியை இங்கு நினைவுகூர்வோம். மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்கினால், அந்தத் தடையிலே இழக்கப்படும் வோல்ட் அளவு கிடைக்கும். பற்றறி முனையிலே படிந்த அழுக்கினால் நூறில் ஒரு பங்கு ஓம் தடை மட்டுமே உண்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். 5 அம்பியர் இழுக்கும் ஒரு விளக்குக்கு இதனால் ஏற்படும் இழப்பு ஒரு வோல்ட்டின் இருபதில் ஒரு பங்கே, கண்ணுக்குப் புலப்படாது. 200 அம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டருக்கோ 2 வோல்ட் பறிபோகிறது. ஆகவே, விளக்கு நன்றாக எரிகிறதென்பதைக்கொண்டு இணைப்புகள் யாவும் நலமென்று முடிவுசெய்தல் தவறாகும்.

இனி, கோளாறு ஏன் வந்து வந்து போகிறது? தளர்ந்த இணைப்பு, வண்டியின் அதிர்வினால் ஒருகால் இறுகியும் ஒருகால் விலகியும் நிற்கிறது. இயந்திரம் சூடேறும்போது செப்புக் கம்பியின் தடை உயர்கிறது. ஈரமும் கரையோரத்து உப்புக் காற்றும் இணைப்புகளை அரிக்கின்றன. மழை, வெயில், குலுக்கம் ஆகிய இம்மூன்றும் மாறுந்தோறும் வண்டியின் குணமும் மாறுகிறது.

வண்டி இயங்க மறுக்கும்போது முதலிற் செவியைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'டிக்டிக்டிக்' என்று விரைந்து அடித்தால், பற்றறி வலுவிழந்திருக்கிறது, அல்லது அதன் முனைகள் அழுக்கேறியோ தளர்ந்தோ இருக்கின்றன. ஒரேயொரு 'டிக்' கேட்டு நின்றால், ஸ்டார்ட்டரையும் அதன்மேலுள்ள சொலினொயிட் என்னும் மின்காந்த ஆளியையும் ஐயுறலாம். ஓசையே இல்லையாயின், திறப்பு ஆளி, ரிலே, கிளச்சோடு அல்லது கியரோடு இணைந்த பாதுகாப்பு ஆளி, அவற்றை இணைக்கும் மெல்லிய வயர் ஆகியவற்றிலே தேடுதல் வேண்டும்.

அடுத்து, முன்விளக்கைப் போட்டுக்கொண்டு திறப்பைத் திருப்புங்கள். ஒளி மங்கி அணையும் நிலைக்கு வந்தால், குறை பற்றறியிலோ அதன் தடித்த வயர்களிலோ இருத்தல் கூடும். ஒளி சிறிதும் மங்காமல், ஸ்டார்ட்டரும் சுழலாவிடின், மின்னோட்டம் ஸ்டார்ட்டரைச் சென்றடையவேயில்லை என்று அறியலாம்.

ஒரு சிறிய வோல்ட்டுமானி, மாற்றிப் பார்க்கும் பாகம் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அற்பமானது. அளக்குமுன் கியரை நியூற்றலில் வைத்து, கைப்பிறேக்கை இழுத்து, கைகளையும் உடையையும் விசிறிக்கு அப்பால் வைத்துக்கொள்ளுங்கள். சில மணிநேரம் ஓய்ந்திருந்த, முழுதும் ஊட்டப்பெற்ற பற்றறி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட் அளவில் நின்றால் அது வெறுமையை அண்மித்துவிட்டது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 10 வோல்ட்டுக்கு மிகக் கீழே இறங்கலாகாது. இயந்திரம் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும்.

இதன்மேல் முக்கியமான சோதனை வருகிறது. மானியின் ஒரு முனையைப் பற்றறியின் எதிர்முளையிலும், மற்றதை இயந்திரத்தின் வெற்று உலோகத்திலும் வைத்து, வேறொருவரைக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குமேற் காட்டினால், ஏர்த் வயரிலோ அதன் இணைப்பிலோ தடை இருக்கிறது. இயந்திரம் இறப்பர்த் தாங்கிகளின்மீது இருத்தப்பட்டிருப்பதால், அந்த ஏர்த் வயரை நம்பியே ஸ்டார்ட்டர் வாழ்கிறது. பலர் பார்க்க மறக்கும் இடமும் அதுவே. விளக்குகள் காரணமின்றி மினுங்குவதற்கும், மானிகளின் முள் தடுமாறுவதற்கும் ஏர்த் இணைப்பின் தளர்ச்சி காரணமாவதுண்டு.

நமது கமக்காரரின் 'டிக்' ஓசைக்கு மருந்து எது? சொலினொயிட்டிலுள்ள இரண்டு தடித்த முளைகளிலும் மானியை வைத்து, கோளாறு தோன்றும் வேளையிலே திறப்பைத் திருப்பிப் பிடிக்கவேண்டும். 'டிக்' கேட்டபின்னும் ஏறத்தாழ 12 வோல்ட் காட்டினால், உள்ளேயிருக்கும் செப்புத் தொடுமுனைகள் தேய்ந்துவிட்டன என்பது தெளிவு. அவற்றை மூடும் தட்டு ஒவ்வொரு முறையும் சற்றே வேறுவிதமாகப் பதிகிறது. அதனாலேயே நான்கு முறை மறுத்தது ஐந்தாம் முறை இணங்கிற்று. பல ஸ்டார்ட்டர்களில் இத்தொடுமுனைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புதிய பற்றறியும் அல்டர்னேற்றரும் வீண்செலவே.

பற்றறி முனைகளைத் துப்புரவாக்கும்போது எதிர்முனையை முதலிற் கழற்றி, பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுங்கள். படிந்த உப்பை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவலாம். அந்நீர் பற்றறிக்குள்ளே புகலாகாது. பற்றறியிலிருந்து தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிவருவதால், அருகே நெருப்புக் கூடாது. இயந்திரம் ஓடும்போது பற்றறியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது அல்டர்னேற்றரையும் மின்னணு உறுப்புகளையும் கெடுக்கவல்லது.

இறுதியாக ஒன்று. வண்டியிலே ஒரு சிறு கொப்பியை வைத்திருங்கள். மறுத்த நேரம், இயந்திரம் சூடோ குளிரோ, மழை பெய்ததோ, கேட்ட ஓசை, விளக்கின் நிலை ஆகிய ஐந்தையும் குறியுங்கள். நோயாளி தன் காய்ச்சல் வந்த வேளைகளைச் சொன்னால் வைத்தியருக்கு வழி புலப்படுவதுபோல, இக்குறிப்புகள் மெக்கானிக்குக்கு வழிகாட்டும். மெக்கானிக்கின் முன்னிலையிலே வண்டி ஒழுங்காக நடந்துகொண்டாலும், கொப்பி உண்மையைச் சொல்லிவிடும்.