கையை விட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிறவர்கள் உண்டு. மான் முட்டியிருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. பல பேர் மரத்திலிருந்து விழுந்தவர்கள்!

பென்சில்வேனியாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். வயசு 67. ரிடையர்டு பள்ளிக்கூட வாத்தியார். அக்டோபர் பிறந்தால் வில்லும் அம்புமாகக் காட்டுக்குள் போய்விடுகிற ஆசாமி. (நம் நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டைக்குப் போனால் ஜெயில். அங்கே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சீஸனில் போகலாம். சரியா, தப்பா என்கிற பட்டிமன்றத்தை வேறொரு வாரம் வைத்துக்கொள்வோம்.)

மானின் கண்ணுக்கும் மூக்குக்கும் தப்ப, 15 அடி, 20 அடி உயரத்தில் மரத்தோடு மரமாக உட்காருகிறார்கள். அலுமினியத்தில் சின்னச் சின்ன ஏணித் துண்டுகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக மரத்தில் பெல்ட் போட்டுக் கட்டி ஏறிவிடுகிறார்கள். ஏறுவது பகல் வெளிச்சத்தில். இறங்குவது? சூரியன் மறைந்து அரை மணி வரை வேட்டைக்கு அனுமதி என்பதால், கும்மிருட்டில். நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததில் கால் மரத்துப் போயிருக்கும். குளிரில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. இந்த லட்சணத்தில் காலைக் கீழே விட்டுத் துழாவி, படி எங்கே என்று தேட வேண்டும்.

தாத்தாவின் தம்பி அப்படித் தேடும்போதுதான் 18 அடியிலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். அதற்கப்புறம் தாத்தா படியில் இறங்குவதையே விட்டுவிட்டார். மலையேறுகிறவர்கள் மாதிரி கயிற்றில் சறுக்கி இறங்குகிறார். 'ராப்பலிங்' என்பார்கள்.

இதில் எது சுலபமான முறை என்று கேட்டேன். "எது சுலபம்னு அப்புறம் பார்க்கலாம். கையை விட்டால் என்ன ஆகும்னு முதல்ல கேளு" என்றார். வாத்தியார் புத்தி!

கருவியே வேண்டாத முறை ஒன்று உண்டு. கயிற்றைத் தொடைக்கு நடுவே விட்டு, இடுப்பைச் சுற்றி, மார்பில் குறுக்காக ஏற்றி, தோளுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு இறங்குவது. முதல் உலகப் போரில் 1915-ல் இறந்துபோன ஹான்ஸ் டுல்ஃபர் என்ற ஜெர்மன் மலையேறியின் பெயரில் வழங்குகிறது. சட்டை கிழியும், தோல் உரியும். கையை விட்டால் ஆளே காலி. தாத்தாவின் பரீட்சையில் முதல் ரவுண்டிலேயே ஃபெயில்.

அடுத்தது மன்ட்டர் முடிச்சு. வெர்னர் மன்ட்டர் என்கிற ஸ்விட்சர்லாந்து மலை வழிகாட்டியின் பெயர். பூட்டுப் போட்ட பெரிய கொக்கி ஒன்று இருந்தால் போதும். கயிறே முடிச்சாகி பிரேக் போடும். ஆனால் கயிறு பழைய டெலிபோன் ஒயர் மாதிரி முறுக்கிக்கொள்ளும். இருட்டில் முடிச்சு சரியா என்று பார்ப்பதும் கஷ்டம்.

காசு இருப்பவர்கள் தானாகப் பிடித்துக்கொள்கிற கருவி வாங்குகிறார்கள். பிரெஞ்சுக் கம்பெனி பெட்சல் 1991-ல் கொண்டுவந்த 'கிரிகிரி' இதில் பிரபலம். நல்ல சாமான்தான். ஆனால் அதன் 2019 மாடலுக்குக் கயிறு குறைந்தது 8.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வேட்டைக்காரர்கள் பலர் சுமை குறைய 8 மில்லிமீட்டர் கயிறு வைத்திருக்கிறார்கள். கயிறு ஒரு கடை, கருவி ஒரு கடை என்று வாங்கிவந்து மாட்டினால், பிடிக்கும் என்பது நம் நம்பிக்கை மட்டுமே.

தாத்தா வைத்திருப்பது எட்டு என்ற எண் வடிவில் ஒரு அலுமினிய வளையம். விலையும் கம்மி, கோக்கிற விதத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். ஆனால் இதிலும் கையை விட்டால் சர்ரென்று கீழேதான். அதற்குத்தான் வளையத்துக்குக் கீழே, கயிற்றின் மேல் 5 மில்லிமீட்டர் சிறு கயிற்றை நாலைந்து சுற்றுச் சுற்றி, தொடைப் பட்டையில் மாட்டுகிறார். கையால் தள்ளிக்கொண்டே போனால் நழுவும். கையை விட்டால் இறுக்கிப் பிடிக்கும். ஆஸ்திரியாவின் கார்ல் புருசிக் 1931-ல் எழுதிவைத்த முடிச்சுக்கு இது தங்கை மாதிரி. சிறு கயிறு பெரிய கயிற்றைவிட மெல்லிசாக இருக்கணும். வளையத்தில் போய் முட்டாத அளவுக்குக் குட்டையாகவும் இருக்கணும். முட்டினால் பிடிக்காது.

தோட்டத்தில் மூன்றடி உயரத்தில் என்னைத் தொங்கவிட்டு, "இப்போ ரெண்டு கையையும் விடு" என்றார். விட்டேன். இரண்டு அங்குலம் இறங்கி நின்றது. "மாப்ளே, உன்னைத் தாங்கிடுச்சுன்னா இனி யானையையே தொங்கவிடலாம்" என்றார் அத்தான்.

பெரிய கயிறு எந்தக் கயிறு? கொடிக்கயிறு கூடாது; இழுத்தால் நீளாத, மலையேறுகிறவர்களுக்கென்றே செய்த ரகம். அதை மரத்தைச் சுற்றி, அதன் நுனி வளையத்துக்குள்ளேயே நுழைத்துச் சுருக்குப் போடுகிறார்கள். எடை விழுந்தால் சுருக்கு இறுகும். வழுக்கு மரமென்றால் ஒரு கிளைக்கு மேலே போடுவது நல்லது. பட்ட மரம் கூடவே கூடாது. 2002-ல் மிஷிகனில் கண்டுபிடித்த ஒரு மரகதப் பச்சை வண்டு, கோடிக்கணக்கான 'ஆஷ்' மரங்களைக் கொன்றிருக்கிறது. அந்த மரங்கள் நிற்கிற மாதிரி நிற்கும், நம்ப முடியாது.

தாத்தா இறங்குகிற வரிசை இது. வில்லையும் அம்பையும் தனிக் கயிற்றில் முதலில் கீழே விடுவார். மரத்தோடு தன்னைக் கட்டியிருக்கிற பட்டையை அவிழ்க்காமலே புதுக் கயிற்றில் முழு எடையையும் போட்டுப் பார்ப்பார். தாங்கினால்தான் பட்டையை அவிழ்ப்பார். மஃப்ளர் நுனி, சட்டை நாடா எல்லாம் உள்ளே செருகியாக வேண்டும்; வளையத்தில் சிக்கினால் நடுவில் மாட்டிக்கொள்வோம். அசையாமல் பட்டையில் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. அதனால் பையில் கால் ஊன்ற ஒரு கயிற்று வளையம் எப்போதும் இருக்கும்.

கயிற்றின் கடைசியில் பெரிய முடிச்சு ஒன்றும் உண்டு, கயிறு பத்தாமல் போனாலும் ஆள் நழுவி விழாமல் இருக்க. தரையைத் தொட்டதும் அதை அவிழ்த்துவிட்டு, சுருக்கில் கட்டிய மெல்லிய நூல்கயிற்றை இழுக்கிறார். மொத்தக் கயிறும் மரத்தைச் சுற்றிக்கொண்டு கீழே வந்துவிடும். முடிச்சை அவிழ்க்க மறந்தால், கயிறு காட்டுக்குச் சொந்தம்.

பாட்டிக்கு இந்த விவரம் எதுவும் வேண்டாம். எந்த மரம் என்று படம் வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போகணும், அவ்வளவுதான். எட்டு மணிக்குள் வராவிட்டால் பாட்டி முதலில் தட்டுவது அத்தான் வீட்டுக் கதவை.