கரும்பு இனப்பெருக்கச் சோதனைகளில் அண்டைப் பாத்திப் போட்டி

அண்டைப் பாத்திப் போட்டி என்பது, கரும்பு இனப்பெருக்கச் சோதனையில் ஒரு பாத்தியில் வளரும் வகை, அடுத்த பாத்தியிலுள்ள வேறொரு வகைக்குக் கிடைக்க வேண்டிய ஒளி, நீர், ஊட்டச்சத்து ஆகியவற்றைக் கவர்ந்துகொள்வதாகும். இதனால் சோதனையில் பதிவாகும் விளைச்சலும் உழவர் வயலில் கிடைக்கும் விளைச்சலும் வேறுபடுகின்றன.

போட்டி எழும் விதம்

தேர்வின் தொடக்கக் கட்டங்களில் சோதிக்க வேண்டிய வகைகள் மிகப் பல. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் விதைக்கரணையோ குறைவு. எனவே ஒரு வகைக்கு ஒரு வரிசை மட்டுமே ஒதுக்கப்படுவதுண்டு. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் இத்தகைய பாத்தி சுமார் 10 மீட்டர் நீளமும், வரிசைகளுக்கிடையே சுமார் 1.5 மீட்டர் இடைவெளியும் கொண்டது. விரைந்து உயர்ந்து தோகையைப் பரப்பும் வகை, இருபுற வரிசைகளுக்கும் நிழலிடுகிறது. அதன் வேர்களும் அங்கே பரவுகின்றன.

தனிப்பயிராக எக்டேருக்கு 100 டன் தரும் இரு வகைகள் அருகருகே நிற்பதாகக் கொள்வோம். ஒன்று மற்றதிடமிருந்து 15 டன்னுக்குரிய வளத்தைப் பறித்தால், 115 என்றும் 85 என்றும் பதிவாகும். முதல் வகையை வயல் முழுதும் நட்டால், பறிப்பதற்கு வேறு வகை பக்கத்தில் இராது. அந்த 15 டன் மறைந்துவிடும். ஆனால் கழிக்கப்பட்ட இரண்டாம் வகைக்கு மறுவாய்ப்பு அரிது. சோதனையைப் பலமுறை திரும்பச் செய்தாலும் இப்பிழை முழுதும் நீங்காது. ஏனெனில் வலிய வகை எந்த அண்டையிடமிருந்தும் பறிக்கும்.

பாதிக்கப்படும் பண்புகள்

போட்டி பெரிதும் பாதிப்பது கரும்பின் எடையையே. சர்க்கரைச் சத்து அவ்வளவாக மாறுவதில்லை. சிறு பாத்திகளில் நடக்கும் தேர்வைப் பற்றிப் பிலிப் ஜாக்சன், மெக்ரே ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வும் இதைக் காட்டியது. ஆகவே தொடக்கக் கட்டங்களில் எடையை விடச் சர்க்கரைச் சத்துக்குக் கூடுதல் மதிப்பளிப்பது பொருத்தமானது.

குறைக்கும் வழிகள்

பிந்தைய கட்டங்களில் பல வரிசைப் பாத்திகள் அமைத்து, ஓர வரிசைகளை விட்டு நடு வரிசைகளை மட்டும் எடையிடலாம். இதற்கு நிலமும் கரணையும் கூடுதலாகத் தேவை.

புள்ளியியல் முறையிலும் திருத்தலாம். மண்வளம் அடுத்தடுத்த பாத்திகளின் விளைச்சலை ஒத்ததாக்கும், போட்டி எதிரெதிராக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடக்கூடும் என்பதால், இரண்டையும் ஒரே கணிப்பில் சேர்த்து மதிப்பிடும் மாதிரிகள் கரும்புச் சோதனைகளுக்காக உருவாக்கப்பட்டுள்ளன.